ராஜகோபாலன் திருடிய ஆமை

என் ஆமையை ராஜகோபாலன் திருடிவிட்டான். இருட்டில் சுவரேறிக் குதித்துத் திருடவில்லை. தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில், ட்யூப் லைட் வெளிச்சத்தில், மண்டபம் கொள்ளாத கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மைக் வைத்துத் திருடினான். திருடி முடித்ததும் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஜானகியும் துடைத்துக்கொண்டாள்.

"அது என் ஆமை" என்றேன் அவள் காதில்.

"ஷ்ஷ்" என்றாள்.

எங்கள் தாம்பத்தியத்தில் அவள் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். அதற்கு அடுத்தபடியாக "சும்மா இருங்கோ."

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளில் எனக்கு ரீல் வாஞ்சி என்று பெயர். வாஞ்சீஸ்வரன் என்று அப்பா ஆசையாக வைத்த பெயரை பென்ஷன் ஆபீஸில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு ஐப்பசி மழையில் தெப்பக்குளம் நிரம்பி வழிந்து, உள்ளேயிருந்த மீன்கள் வீதிக்கு வந்து காய்கறி விலை விசாரித்துவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. விசாரித்தது என்றால் வாயைத் திறந்து அல்ல. ஒவ்வொரு கூடைக்கு முன்னாலும் சற்று நின்று பார்த்துவிட்டு, கட்டுப்படியாகாமல் திரும்பிப் போயின. நான் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் போய் ரீல் என்றால்?

ஆகவே, நான் சொன்னதை ஜனங்கள் அப்படியே நம்பிய காலம் என்று என் ஆயுளில் ஒன்றுதான் உண்டு. அது கடல் தாண்டி நடந்தது. அதை ஜானகி ஒரு தடவையாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு என்னிடமிருந்த ஒரே அத்தாட்சி அந்த ஆமை.

ரிடையர் ஆன மறு வருஷம், தொண்ணூற்று மூன்றில், சீஷெல்ஸ் தீவில் எனக்குக் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். ஜானகி வீணை சொல்லிக்கொடுக்கிறவள். பாதி வர்ணத்தில் நிற்கும் பெண்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மயிலாப்பூரிலேயே இருந்துவிட்டாள். அவள் வராததில் எனக்கு வருத்தம். அவளுக்கும் வருத்தம் என்று சொன்னாள்.

நான் இருந்த தீவு மிகவும் சின்னது. கரும்பலகையில் நேர்கோடு ஒன்று இழுத்தால் அதன் கடைசி முனை கடலில் நனையும். அப்படிப்பட்ட இடத்திலும் நம்மவர்கள் கடை போட்டிருந்தார்கள். அந்தக் கடைக்காரர்களுக்குத் தலைவர் கபாலி. மந்தைவெளியில் பிறந்து, தீவுக்கு வந்து, புடவையும் எவர்சில்வரும் விற்று ஆளானவர். அவர்கள் எல்லாரும் சேர்ந்து, ராமாயணம் சொல்வதற்காக மயிலாப்பூரிலிருந்து ஓர் உபன்யாசகருக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த உபன்யாசகர்தான் ராஜகோபாலன். என் பால்ய சிநேகிதன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அவன் என்னைப் பார்த்துத்தான் கணக்கில் பாஸ் செய்தான். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒருநாள் சாயங்காலம் கபாலி என் ஜாகைக்கு வந்தார்.

"சார், நீதான் மைலாப்பூர் வாத்தியாரா? ராஜகோபால சாமி போன் பண்ணுச்சு. பிளேன் ரெண்டு நாள் லேட்டாம். நல்ல நாள் தவறக் கூடாதாம். நீ வந்து வெளக்கேத்தி ரெண்டு வார்த்த பேசி ஆரம்ச்சு வெச்சிட்டின்னா, அது வந்து புட்ச்சிக்குமாம்."

ரெண்டு வார்த்தைதானே என்று போனேன். கபாலி கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில், குக்கர் டப்பாக்களுக்கு நடுவே மேடை போட்டிருந்தார்கள். விளக்கேற்றினேன். "தசரதனுக்குக் குழந்தையில்லை" என்றேன். சரியாக ரெண்டே வார்த்தை. மாட்டிக்கொண்டேன்.

ராமாயணத்துக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. யார் ஆரம்பிக்கிறாரோ அவரேதான் பட்டாபிஷேகம்வரை கொண்டுபோக வேண்டும். நடுவில் விட்டால், கதையில் யார் என்ன கதியில் நிற்கிறார்களோ அதே கதி கேட்டவர்கள் வீட்டுக்கும் வந்துவிடும் என்பார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. ராஜகோபாலனுக்குத் தெரியும். அவனுக்கு அதுதான் தொழில்.

ஒவ்வொரு வாரமும் போன் செய்தேன். ஒவ்வொரு வாரமும், "விசா வந்துடுத்துடா வாஞ்சி, இதோ அடுத்த வாரம்" என்றான். அவன் வருகிறவரை தாக்குப்பிடிக்க வேண்டுமே என்று கதையை மெதுவாக நடத்தினேன். தசரதர் உயிரை விட ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பரதன் பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு அயோத்தி திரும்ப இன்னொரு வாரம். வழியில் சுங்கச்சாவடிகளெல்லாம் வைத்தேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் சாக்பீஸ் பொடியைத் தட்டிவிட்டு நேரே கிடங்குக்குப் போவேன். தெரியாத இடங்களில் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். மாரீசன் ஓடிய வேகத்தையும் ராமர் துரத்திய வேகத்தையும் வைத்து இருவரும் சந்திக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது கடைக்காரர்கள் கைதட்டினார்கள். யாரும் ரீல் என்று சொல்லவில்லை. முதலில் எனக்கு அது பழக்கமில்லாமல் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அசோகவனம் வந்தபோது என் சரக்கு தீர்ந்துவிட்டது. கபாலியிடம் போய், என்னால் முடியாது, நிறுத்திக்கொள்கிறேன் என்றேன்.

"இன்னா சார் நீ, நாயமா பேசு" என்றார். "அந்தம்மா மரத்தடியில அய்துக்கினு கீது. ராட்சசிங்க சுத்திக்கினு கீறாளுங்க. இந்த நெலமைல உட்டுட்டுப் போறேன்றியே, நாளைக்கு என் பொண்டாட்டி ஊர்ல இர்ந்து பிளேன் ஏறி வர்றா. அவளுக்கு ஒண்ணு ஆனா நீ பதில் சொல்வியா?"

"நான் கணக்கு வாத்தியார், கபாலி."

"கணக்கு வாத்தியார்னா முடிக்காத கணக்க போர்டுல உட்டுட்டுப் போவியா? முட்ச்சிட்டுப் போ சார்."

திரும்பிப் போய் மேடையில் உட்கார்ந்தேன்.

என்னோடு ஒரே ஜாகையில் அப்துல் கரீம் என்று ஒரு சயின்ஸ் வாத்தியார் இருந்தார். அவரும் சென்னைக்காரர். ஈக்காட்டுத்தாங்கலில் அவர் அண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தார். கரீம் சார் தினமும் தன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவார். "என்ன சார், உங்களுக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு?" என்று கேட்டேன். "ஊர்ல டி.வி. சீரியல் பாதியில விட்டுட்டு வந்தேன் சார். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்" என்றார். அவர் பதிவு செய்த கேசட்டுகளை, ஊருக்குப் போகிறவர்கள் கையில் ஜானகிக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டமே மூச்சுவிடாமல் நான் சொல்வதைக் கேட்கிறது என்பதை அவள் காதால் கேட்க வேண்டும். அதற்குத்தான்.

சேது கட்டுகிற கட்டம் வந்த அன்று ஜானகிக்குப் போன் செய்தேன். க்ஷேமலாபம் விசாரித்த பிறகு, "ராஜகோபாலன் விசா என்ன ஆச்சு தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்ன விசா? அவர் அடையாறுல பாகவதம் சொல்லிண்டிருக்கார். மாசக்கணக்கா நடக்கறது. என்ன கூட்டம்ங்கறேள்! நான்கூடப் போயிண்டிருக்கேன்."

"எங்கேயும் போறதாச் சொல்லலையா?"

"எங்க போவார்? ஊர்ல இருக்கறவா விட்டாத்தானே?"

போனை வைத்துவிட்டுக் கிடங்குக்கு நடந்தேன். நண்பன் வருவான் வருவான் என்று நான் தசரதரைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருந்த நாட்களிலெல்லாம் அவன் அடையாறில் கிருஷ்ணனுக்கு வெண்ணெய் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கிடங்கின் பின்பக்கம், புழக்கடையில், கபாலி வளர்த்த ஆமை ஒன்று கிடந்தது. அந்தத் தீவு ஆமைகள் பிரம்மாண்டமானவை. ஒன்றின் முதுகில் ஒரு குடும்பம் இலை போட்டுச் சாப்பிடலாம். எங்கே பார்த்தேனோ அங்கேயே பல மாதமாகக் கிடந்தது அது. அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.

வானரங்கள் சேது கட்டுகிறார்கள். நடுக்கடலில் ஓரிடத்தில் மட்டும் ஆழம் அதிகம். எத்தனை கல் போட்டாலும் நிற்கவில்லை. அப்போது அடியிலிருந்து ஒரு கிழட்டு ஆமை மேலே வந்தது. "இந்த இடத்தில் நான் இருந்துகொள்கிறேன். என் முதுகின்மேல் கட்டுங்கள்" என்றது. அனுமார் சொன்னார், "திரும்பி வரும்போது உன்னை விடுவிக்கிறோம். அதுவரை அசையாதே." ஆமை சரி என்றது. படை முழுவதும் அதன் முதுகின்மேல் நடந்து போயிற்று. யுத்தம் நடந்தது. ராவணன் மாண்டான். சீதை மீண்டாள். எல்லாரும் திரும்பினார்கள். ஆனால் பாலத்தின் வழியாக யாரும் திரும்பவில்லை. புஷ்பக விமானத்தில் ஏறி ஆகாயத்தில் போய்விட்டார்கள். தன்மேல் ஒரு நிழல் கடந்து போவதை ஆமை பார்த்தது. மேகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டது. அயோத்தியில் பட்டாபிஷேகம் நடந்தது. அணிலைத் தடவிக் கொடுத்தவர்களுக்கு ஆமையின் ஞாபகம் வரவில்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்று இன்றுவரை யாரும் போய் அதனிடம் சொல்லவில்லை. அது இன்னும் அசையாமல் அங்கேயே கிடக்கிறது.

இது எந்த ராமாயணத்திலும் இல்லை. அந்த விநாடிவரை என்னிடமும் இல்லை.

கிடங்கில் கபாலி மூக்கைச் சிந்தினார். இதோ வந்துவிடுகிறேன் என்று யாரிடமாவது சொல்லிவிட்டு விமானம் ஏறி வந்தவர்கள்தான் அங்கே எல்லாரும். புழக்கடை ஆமைகூட அன்று கழுத்தை வெளியே நீட்டி, கண்ணில் நீரோடு என்னைப் பார்த்தது. கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்றார் கரீம் சார். சயின்ஸ் வாத்தியார் வேறெப்படிச் சொல்வார்?

அந்தக் கேசட்டை ஒரு பட்டு வேட்டிக்குள் சுற்றி, பத்திரமாக ஜானகிக்கு அனுப்பினேன். அப்புறம் பட்டாபிஷேகத்தையும் நடத்தி, ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். வந்து குளித்துச் சாப்பிட்டு முடிக்கிறவரை பொறுத்திருந்து, "கேசட்டெல்லாம் கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். நன்னா இருந்தது" என்றாள் ஜானகி.

நன்றாகப் பாடுகிற பெண்ணிடம்கூட அவள் "பரவாயில்லை" என்றுதான் சொல்வாள். எனக்கு அது போதுமாக இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம்தான், ராஜகோபாலன் தி. நகரில் ராமாயணம் சொல்கிறார், வாங்கோ என்று அவளே என்னை அழைத்துக்கொண்டு போனாள். சேது கட்டுகிற அன்று. திருட்டு நடந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து தேடினேன்.

"என்ன தேடறேள்?"

"கேசட். சேது கேசட். நாளைக்கு அதை ராஜகோபாலன் மூக்குக்கு நேரா போட்டுக் காட்டறேன்."

"அதெல்லாம் ஆத்துல இல்லை. அப்பவே அவர்கிட்ட குடுத்துட்டேனே."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் குடுத்தே?"

"அவர் சரக்குதானே?" என்றாள் ஜானகி, மோர் கடைந்துகொண்டே. "அவர் வர முடியாதுன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கார், நீங்க அதை அங்க ஒப்பிச்சிருக்கேள். மனுஷர் தொழிலாச்சே, நம்மாத்துல வெச்சுண்டு என்ன பண்ணப் போறோம்னு கொண்டுபோய்க் குடுத்தேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ரொம்ப சந்தோஷப்பட்டார். 'வாஞ்சி நன்னாத்தான் ஞாபகம் வெச்சுண்டு சொல்லியிருக்கான் மாமி'ன்னார்."

"ஜானகி, அந்த ஆமை நான் பண்ணினது. அவன் சொல்லிக் குடுக்கலை. அவனுக்கு அப்படி ஒரு ஆமை இருக்கறதே தெரியாது."

கடைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"ஏன்னா, உங்களுக்கு வர்றது மீன் காய்கறி வாங்கற கதை. அதை நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா இந்த ஆமையைக் கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கலை. அது உங்களுக்கு எப்படி வரும்?"

ராஜகோபாலன் செய்தது திருட்டு. திருடனைத் திட்டலாம். என் ஜானகி நான் சொன்னதை என் குரலிலேயே கேட்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் நினைத்துக்கொண்டு, அது நானாக இருக்க முடியாது என்று முடிவு கட்டியிருக்கிறாள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மோர் நன்றாக இருந்தது. குடித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஈக்காட்டுத்தாங்கல் போனேன். கரீம் சார் வேலையை விட்டுவிட்டு அண்ணன் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புச் சுருள்கள் காலில் குத்தாமல் தாண்டித் தாண்டி உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அரே, நம்ம ஆமையா?" என்று லேத்தை நிறுத்தினார். "விடக் கூடாது சார். நான் வந்து என்ன சொல்லணும்?"

"இதை இவர்தான் சொன்னார், நான் என் காதால் கேட்டேன்னு என் மனைவிகிட்ட சொல்லணும். ராஜகோபாலனை வெச்சுண்டு சொல்லணும்."

"எப்ப சொன்னார்னு கேட்டா?"

"சேது கட்டின அன்னிக்கு."

"சார், சேது கட்டினப்ப நீயும் கல்லு தூக்கினியான்னு கேட்டுச் சிரிப்பாங்க சார்." அவரே சிரித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார். "சும்மா சொன்னேன். வர்றேன். ஆனா ஒண்ணு யோசிச்சுக்குங்க. ஆமை உங்களோடதுன்னு நிரூபிச்சா, அது புராணம் இல்லைன்னு ஆயிடும். அழுதவங்க எல்லாம் உங்களைத்தான் அடிப்பாங்க."

"அடிக்கட்டும். என் ஆமைக்காக அடி வாங்கினேன்னு பேர் இருக்கும்."

பட்டாபிஷேகத்தன்று மண்டபத்தில் எள் விழ இடமில்லை. எனக்கு ஒரு பக்கம் ஜானகி, மறு பக்கம் கரீம் சார். ராஜகோபாலன் மயில்கண் வேட்டியும் ஜரிகை அங்கவஸ்திரமுமாக வந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். சிரித்தான். திருடியவன் முகத்தில் வரும் சிரிப்பு அல்ல. உறவுக்காரன் முகத்தில் வரும் சிரிப்பு. புஷ்பக விமானம் கிளம்புகிற இடத்தில் பின்வரிசையிலிருந்து யாரோ, "ஸ்வாமி, அந்த ஆமை!" என்றார்கள். கச்சேரியில் துக்கடா கேட்பது போல நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவனும் மறுக்காமல் ஆமையை இரண்டாவது தடவை சொன்னான்.

முடிவில், பழம் கொண்டுவந்து வைத்து நமஸ்காரம் செய்கிறவர்கள் சந்தேகம் ஏதாவது இருந்தால் கேட்பது வழக்கம். ரிடையர் ஆன சம்ஸ்கிருதப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார்.

"அந்தக் கூர்மம் எந்த ராமாயணத்தில் வருகிறது? நானும் தேடிப் பார்த்துவிட்டேன். அகப்படவில்லை."

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும். ராஜகோபாலன் நெற்றியில் வியர்வை அரும்பியதைக் கண்ணாரப் பார்த்தேன். தண்ணீர் குடித்தான். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இது ஏட்டுல இல்லை. ஒரு பெரியவர் வாய்மொழியா எனக்குக் கிடைச்ச பொக்கிஷம்."

பரவாயில்லை, ராஜகோபாலன் நல்லவன்தான் என்று நினைத்துவிட்டேன். ஜானகி பக்கம் திரும்பி, கேள் என்று ஜாடை காட்டினேன்.

"யார் அந்தப் பெரியவர்? பார்க்க முடியுமா?" என்றார் பேராசிரியர்.

"அந்த பாக்கியம் நமக்கு இல்லை. கடல் கடந்து ஒரு தீவுல இருந்தார். காலமாயிட்டார்."

மண்டபம் முழுவதும் "ச்சு, ச்சு" என்றது. பேராசிரியர் கைகூப்பினார். ஜானகியும் கைகூப்பினாள், எனக்காக, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

நான் எழுந்தேன்.

"நான்தான் அந்தப் பெரியவர்" என்றேன்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ராஜகோபாலன் என்னை மிகுந்த கருணையோடு பார்த்தான். "இவர் என் பால்ய சிநேகிதர்" என்றான் மைக்கில். "மறைஞ்ச மகான்கிட்ட இவருக்கும் ரொம்பப் பிரியம். தாங்கிக்க முடியலை பாவம்."

"யோவ், நம்ம ரீல் வாஞ்சிய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு மயிலாப்பூர்க் குரல் வந்தது. சிரிப்பு எழுந்து கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

"உக்காருங்கோ, மானம் போறது" என்று ஜானகி என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

எனக்கு இன்னும் ஒரு சாட்சி இருந்தது. "கரீம் சார், எழுந்திருங்க" என்றேன். கரீம் சார் எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு நிமிஷம் என்பது போல விரலைக் காட்டினார். அந்த ஒரு நிமிஷத்துக்குள் மங்களம் பாடிவிட்டார்கள்.

வாசலில், செருப்புக் குவியலில் எங்கள் செருப்பை ஜானகி தேடிக்கொண்டிருந்தபோது, கரீம் சாரைப் பிடித்தேன்.

"ஏன் எழுந்திருக்கலை?"

"சார், தப்பா எடுத்துக்காதீங்க." அவர் கண்கள் இன்னும் சிவந்திருந்தன. "அவர் உங்களைவிட நல்லா சொல்றார் சார்."

"அது என் ஆமை."

"உங்களோடதுதான், யார் இல்லைன்னது? ஆனா நீங்க சொன்னப்ப எனக்கு ஆமை தெரிஞ்சுது. இவர் சொன்னப்ப எங்க அத்தா தெரிஞ்சார். ஏர்போர்ட்ல கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கிறார். நான் என்ன சார் பண்ணுவேன்?"

என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு தன் பஸ்ஸைப் பார்த்து ஓடினார்.

நாங்கள் 12பி பிடித்தோம். ஜானகிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றது. அவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டபத்தில் நடந்ததைப் பற்றித் திட்டப்போகிறாள் என்று தயாராக இருந்தேன்.

"ஏன்னா" என்றாள்.

"சொல்லு."

"அப்புறம் யாருமே போய் அதுகிட்ட சொல்லலையா?"

"எதுகிட்ட?"

"அந்த ஆமைகிட்ட. யுத்தம் முடிஞ்சுடுத்து, நீ போகலாம்னு."

எனக்குத் தெரியும். சேது கட்டிய மறுநாளே கிடங்கில் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். யார் போனது, எப்போது போனது, போய் என்ன சொன்னது, கேட்டுவிட்டு ஆமை என்ன செய்தது, எல்லாம் சொன்னேன். அன்றைக்குக் கரீம் சாருக்குக் காய்ச்சல், பதிவு செய்ய வரவில்லை. ஆகவே அது எந்தக் கேசட்டிலும் இல்லை. ராஜகோபாலன் கையிலும் இல்லை.

"உன் ராஜகோபாலனைக் கேக்கறதுதானே?" என்றேன்.

"போன வாரமே கேட்டேன். அதோட கதை முடிஞ்சுதுன்னுட்டார்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "முடிஞ்ச மாதிரி இல்லையே. பாவம், அதுக்கு எப்படியாவது தெரிஞ்சிருக்கணுமே. நீங்க சொல்லுங்கோளேன்."

"ஏன் என்னைக் கேக்கறே?"

ஜானகி திரும்பி என்னைப் பார்த்தாள். ஏழு தந்திகளில் எது சுருதி விலகி நிற்கிறது என்று கண்டுபிடிக்கிற விநாடியில் அவளுக்கு ஒரு முகம் வரும். நானும் அந்த முகத்தைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அது வந்தது. வாயைத் திறந்தாள்.

"லஸ்! லஸ் எறங்கு!" என்றார் கண்டக்டர்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். "பார்த்து எறங்குங்கோ" என்றாள்.

அவள் அந்தப் பதிலைச் சொல்லட்டும், நான் மிச்சத்தைச் சொல்கிறேன் என்று இருக்கிறேன். இப்போது வருஷம் தொண்ணூற்றெட்டு ஆகிறது. மழை நாளில், சாதம் போடும்போது, வீணைக்குத் தந்தி மாற்றும்போது, அவளுக்கு நாக்கு நுனிவரை வருவது எனக்குத் தெரிகிறது. எனக்கும் வருகிறது. இரண்டு பேரும் விழுங்கிக்கொள்கிறோம். ஆமை அங்கேயேதான் கிடக்கிறது.